கல்வீட்டுப் பின்வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

காகத்தை வெருட்டத்தான் வெருளி கட்டுவார்கள். அன்றைக்கு முதலில் வெருண்டது பாக்கியராசா.

அது லேசுப்பட்ட வெருளி இல்லை. கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டு, வைக்கோல் திணித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நுழைவாசல் வாங்கில் கால்மேல் கால் போட்டு இருந்தது. ரிக்கெற் கிழிக்கிற மனிதர் என்று நினைத்து அவன் அதற்கு ஆங்கிலத்தில் மத்தியான வணக்கம் சொல்லிவிட்டான். பதில் இல்லை. குனிந்து பார்த்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாக்கு இருந்தது.

"யோகராணி அக்கா, நாங்கள் காருக்குப் போவம்."

"அது வைக்கல், பாக்கியம்."

"வைக்கல் எண்டு தெரியுது. வைக்கலுக்கு ஏன் மூக்குக் கண்ணாடி? அது எந்தப் பேப்பரை வாசிக்கப் போகுது?"

யோகராணி பதில் சொல்லாமல் முன்னே நடந்தாள். பதில் சொல்லாமல் நடப்பது அவளுடைய தொழில் முறை. அவளைத் தெரியாத தமிழ்ச் சனம் கனடாவின் வோபர்னில் குறைவு. சீலைக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் 'யோகராணி துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்குகிறது. பலகை மாட்டுவதற்கு முன்னரும் அவள் இதே வேலையைத்தான் பார்த்தாள், சம்பளம்தான் வாங்கவில்லை என்று கீழ்க்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். பாக்கியராசா அவளுடைய உதவியாள், சாரதி, தேத்தண்ணி வாங்கி வருபவன் எல்லாம். முன்பு வீடு வீடாகப் பீற்சா கொண்டுபோய்க் கொடுத்தவன். நாய் குரைத்த வீடுகளில் பெட்டியைத் தூர நின்று எறிந்ததால் வேலை போனதென்று ஊர் சொல்கிறது. தானே விட்டதாக அவன் சொல்கிறான். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடியவைதான்.

அவர்கள் வந்திருந்த இடத்துக்குப் பெயர் ஹார்ட்லி கிறீன். மில்லிக்கனைத் தாண்டி, ஸ்ரீல்ஸ் வீதியையும் தாண்டி, வெட்டி முடிந்த சோளக்காடுகளுக்கு நடுவில் கிடக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சனம், விட்டுவந்த ஊரைப்போலவே இன்னொன்றைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்கள். கல்வீடுகள், இடுப்பளவு மதில்கள், கையடக்கமான ஒரு தேவாலயம், நடுவில் புல்வெளி. இப்போது அங்கே குடியிருப்பவர் எவரும் இல்லை. ரிக்கெற் எடுத்துப் போனால், பழைய காலத்து உடுப்புப் போட்ட வேலையாட்கள் ரொட்டி சுட்டுக் காட்டுவார்கள், இரும்பு அடித்துக் காட்டுவார்கள். ஒக்ரோபர் பிறந்தால், அறுவடைக் கொண்டாட்டத்துக்கென்று, வெருளிகளும் வேலைக்குச் சேர்ந்துவிடும். அன்றைக்கு வானம் இருண்டு தூறல் போட்டதால் பார்க்க வந்த சனம் இல்லை. வெருளிகளுக்குத்தான் குறைவில்லை.

"உடைஞ்ச வீட்டைக் காட்ட வெள்ளைக்காரர் ரிக்கெற் விக்கினம்," என்றான் பாக்கியராசா. பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. "இது தெரிஞ்சிருந்தா, சண்டையில செல் விழுந்த எங்கட ஊர் வீட்டுக்கும் ஒரு கேற் போட்டுட்டு வந்திருப்பன்."

"வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திற. பெட்டையைத் தேடு."

பெட்டையின் பெயர் நிசாந்தினி. முதல்நாள் மகேஸ்வரன் என்று ஒருவர் அலுவலகப் படியேறி வந்தார். பிறம்ரனில் லொறிக் கொம்பனி ஒன்றில் மனேச்சராம். மடிப்புக் கலையாத சேட்டு, மெல்லிய குரல். நிசாந்தினி தன்னுடைய அக்காவின் மகள் என்றார். கோடையில் வீட்டை விட்டுப் போனவள், எங்கேயென்று தெரியவில்லை. "இப்ப ஊரில எங்கட ஐயா மோசம் போயிட்டார். அவளின்ர தாத்தா. அந்தியேட்டிக்கு முன்னம் பிள்ளையின்ர காதில போடாட்டி எனக்கு நித்திரை வராது," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். செத்தவருக்குப் பிள்ளைகள் செய்யும் அந்தக் கடைசிக் கிரியையின் பெயரைக் கேட்டதும் யோகராணியின் கண்ணும் கலங்கியது. கலங்கிய கண்ணால் துப்பறிவது கஷ்டம். அது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு அடையாளம் சொல்லுங்கோ," என்று கேட்டாள்.

"இடக்கை சரியா மடங்காது. சின்னனில விழுந்தவள்."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. சீலைக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வீடியோக்கடை. கலியாணம் முடிந்த கையோடு பொம்பிளை மாப்பிள்ளையை வெளியே கூட்டிப்போய், பூவுக்கும் மரத்துக்கும் நடுவில் நடக்கவிட்டுப் படமெடுத்து, அதை ஊருக்கு அனுப்புவது நம்மவர்களின் வழக்கம். கடைக்காரர் அந்தக் கொப்பிகளைக் கண்ணாடிக்குள் இருக்கிற ரீவியில் ஓடவிட்டிருப்பார். அடுத்தவர் கலியாணத்தை இரண்டு தரம் பார்ப்பதில் யோகராணிக்குச் சலிப்பு வந்ததே இல்லை. ஒரு படத்தில், கூறைச்சேலை கட்டிய பொம்பிளை இந்தக் கல்வீடுகளுக்கு நடுவில் ஒயிலாக நடந்துகொண்டிருந்தாள். பின்னால், தூரத்தில், பழைய ஆங்கிலேய உடுப்பும் முகத்தை மூடிய துணித்தொப்பியுமாக ஒருத்தி கூடையோடு போனாள். நிலத்தில் கிடந்த ஒரு புத்தகத்தில் அவளுடைய கால் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். வலக்கையால். இடக்கை விறைத்தபடி தொங்கியது.

"எந்த வெள்ளைக்காரி பாக்கியம், கால்பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடுவாள்?" என்று அன்று காலை யோகராணி கேட்டாள். உடனே மகேஸ்வரனுக்குப் போன் போட்டு, "ஆள் இருக்கிற இடம் பிடிபட்டிட்டுது, பின்னேரம் சொல்லுறன்," என்றும் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். வாங்கு வாங்காக வெருளிகள் செபம் செய்துகொண்டிருந்தன. பாக்கியராசா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தான். கொல்லன் பட்டறையில் நெருப்பு அணைந்திருந்தது, ஆளில்லை, உலைக்குப் பக்கத்தில் சுத்தியல்கள் வரிசையாகத் தொங்கின. பட்டறைக்கு அங்கால், ஒற்றை அறை அளவில், ஜன்னலே இல்லாத ஒரு கல்லறை மாதிரிக் கட்டடம். இரும்புக் கம்பிக்கதவில் கைத்தடிப்பான தாழ்ப்பாள் வெளிப்பக்கமாக இருந்தது.

"உது என்ன அக்கா, கோழிக்கூடோ?"

"குடிச்சிட்டுக் குழப்படி செய்யிறவனை விடியுமட்டும் போட்டு வைக்கிற மறியல். அந்த நாளையில இங்கிலாந்துக் கிராமம் எண்டால் உப்பிடி ஒண்டு இருக்கும். போர்ட்டில கிடக்கு, வாசி."

"நான் வெளியில நிண்டே வாசிக்கிறன்."

ரொட்டி வெதுப்பகத்தில்தான் முதல் மனித முகத்தைக் கண்டார்கள். மிஸிஸ் வில்மொற் என்று மார்பில் பெயர் குத்தியிருந்த அம்மா, வெள்ளை ஏப்ரனும் வெள்ளைத் தொப்பியுமாக நின்றாள். இங்கே தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வேலை செய்கிறாளா என்று யோகராணி ஆங்கிலத்தில் விசாரித்தாள். இல்லை என்ற பதில், கேள்வி முடியுமுன்னரே வந்துவிட்டது. வந்த வேகத்தை மறைக்கவோ என்னவோ, அந்த அம்மா தட்டை நீட்டி, இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான 'பை' ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கும்படி பாக்கியராசாவைக் கேட்டாள்.

"நோ, தாங்ஸ், மடம்," என்றான் அவன். பிறகு யோகராணியைப் பார்த்துக் கவலையோடு, "வெள்ளிக்கிழமை அக்கா. மச்சம் மாமிசம் தொடேலாது. என்ன மணம் பாருங்கோ, அநியாயம்," என்றான்.

யோகராணி கழற்றிக்கொண்டிருந்த கையுறை பாதியில் நின்றது.

"பாக்கியம். நேற்று மகேஸ்வரனுக்கு நீ என்ன வாங்கிக் குடுத்தனி?"

"தேத்தண்ணியும் ரோல்ஸும்."

"என்ன ரோல்ஸ்?"

"ஆட்டிறைச்சி. மனுசன் தன்ரையும் திண்டு, எனக்கெண்டு வைச்சதையும் திண்டுது. ஏன்?"

"செத்தது ஆர் எண்டு சொன்னவர்?"

"தன்ர ஐயா எண்டு..."

"தேப்பன் செத்து அந்தியேட்டி முடியேல்லை. மகன் வந்திருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் தின்னுறான்."

"கனடாவில ஆர் அக்கா உதெல்லாம் பார்க்கினம்?"

"பார்க்காதவன் அந்தியேட்டி எண்ட சொல்லை ஏன் எடுத்தவன்? அழுதுகொண்டு எடுத்தவன். அந்தச் சொல்லுக்கு நான் கரைவன் எண்டு தெரிஞ்சு எடுத்தவன்." அவள் குரல் தாழ்ந்தது. "ஐயாவும் சாகேல்லை, உவன் மாமனும் இல்லை. அந்தப் பெட்டை துலைஞ்சு போகேல்லை, பாக்கியம். ஒளிச்சிருக்கிறாள். நான்தான் விடுப்புப் பார்த்துக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கிறன்."

தான் செய்வது அடுத்தவர் கதை துருவும் விடுப்புத்தான் என்று யோகராணி தன் வாயால் ஒப்புக்கொண்டதைக் கேட்டதும்தான் பாக்கியராசாவுக்கு உண்மையில் பயம் பிடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பினான். நுழைவாசலுக்கு வெளியே, தன்னுடைய பழைய காருக்குப் பக்கத்தில், இன்னொரு கார் வந்து நின்றிருந்தது. அதன் கதவைச் சாத்திவிட்டு, மடிப்புக் கலையாத சேட்டுக்கு மேலே தோல் ஜக்கெற்றோடு ஒருவர் மெதுவாக உள்ளே வந்தார். வாங்கில் இருந்த வெருளியின் தொப்பியைச் சுண்டிவிட்டு நடந்தார்.

"அக்கா," என்றான். "வந்திட்டான். எங்கட காருக்குப் பின்னாலயே வந்திருக்கிறான்."

யோகராணி மிஸிஸ் வில்மொற்றிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் மாவைப்போல வெளுத்தது. அவளுக்குத் தெரிந்ததும் வெளியே வந்தது. அந்த ஆள் பிள்ளையின் கணவன். கிட்ட வரக்கூடாதென்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. பெண்கள் காப்பகம் ஒன்றின் மூலம் பிள்ளை இங்கே தையல் வேலைக்கு வந்தாள். இங்கேயேதான் தங்கியிருக்கிறாள்.

"எந்த வீட்டில்?" என்றாள் யோகராணி.

"அதைச் சொல்லமாட்டேன். நீங்களும் அவனுடைய ஆட்களாயிருக்கலாம்," என்றாள் மிஸிஸ் வில்மொற். பொலிசைக் கூப்பிடப் போனை எடுத்தவள், இருவரையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

"பொலிஸ் வாறதெண்டா சோளக்காடெல்லாம் தாண்டி வரவேணும்," என்றாள் யோகராணி. "அதுக்கிடையில உவன் வீடு வீடாத் தட்டுவான். அவனுக்கு முந்தி நாங்கள் பெட்டையைப் பிடிக்கவேணும்."

"எப்பிடி? இங்க உள்ள வீடெல்லாம் ஒரே அச்சு."

"முன்பக்கம் ஒரே அச்சு. பின்பக்கத்தால வா."

மதில்களுக்குப் பின்னால் சேறு மிதித்து ஓடினார்கள். சப்பாத்துக் கடைக்காரன் வீடு. பின்படியில் சேற்றுக்கால் தடங்கள் நேரே உள்ளே போயிருந்தன. பள்ளிக்கூட வாத்தியார் வீடு. அங்கேயும் அப்படியே. காட்சிக்கு வைத்த வீடுதானே, மிதித்தால் என்ன என்று எல்லாரும் சப்பாத்தோடு ஏறி இறங்கியிருந்தார்கள். மூன்றாவது, நெசவுகாரன் வீடு. யோகராணி பாக்கியராசாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

படி கழுவித் துடைத்திருந்தது. படிக்குக் கீழே, ஓரமாக, நூல்கட்டிய கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி. குதி சுவரைத் தொட, ஒன்றோடொன்று ஒட்டி, அடக்கமாக இருந்தது.

"உயிருக்குப் பயந்து ஒளிச்சிருக்கிறாள்," என்று பாக்கியராசா முணுமுணுத்தான். "எண்டாலும் செருப்பை வாசலில கழட்டிப்போட்டுத்தான் ஏறியிருக்கிறாள்."

"எனக்கு ஒரு பார்வையில விளங்கிச்சுது. உவனுக்கும் விளங்கும். அவனும் அதே வீட்டுப் பழக்கத்தில வளர்ந்தவன்தான்." அவள் கதவோடு வாயை வைத்து மெல்லப் பேசினாள். "பிள்ளை நிசாந்தினி. நான் ஆரெண்டு உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். உன்ர மனுசன் வந்திருக்கிறார். கதவைத் திறக்காதை. ஆர் கூப்பிட்டாலும் திறக்காதை. இப்ப கதைக்கிற நான் திரும்பி வந்து கூப்பிட்டாலும் திறக்காதை."

உள்ளே பலகை ஒன்று மெல்லக் கிரீச்சிட்டது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று பாக்கியராசாவுக்குத் தெரிந்தது. அவனும் அப்படித்தான் நின்றான்.

வீதிப்பக்கம் ஒரு கதவைத் தட்டும் சத்தம். பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், ஒவ்வொரு வீடாக.

யோகராணி குனிந்து அந்தச் சப்பாத்துகளைக் கையில் எடுத்தாள். அவள் பார்வை மறியல் பக்கம் போய், மதிலில் சாய்ந்திருந்த ஒரு பெண் வெருளியில் நின்று, கடைசியில் பாக்கியராசாவின் மேல் விழுந்தது. அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது. அதற்குப் பிறகு அவனுக்கு நல்லது நடந்ததே இல்லை.

"மாட்டன்," என்றான்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அந்தத் தொப்பியைப் பார்த்தியள். பிறகு என்ர தலையைப் பார்த்தியள். எனக்கு மீசை இருக்கக்கா!"

"முதுகுக்கு மீசை இல்லை. திரும்பி இரு."

இப்படியாக, அந்த மத்தியானத்தில், வோபர்ன் பாக்கியராசா ஒரு வெருளியின் துணித்தொப்பியும் சால்வையும் போட்டுக்கொண்டு, ஆங்கிலேயக் குடிகாரர்களுக்குக் கட்டிய மறியலின் மூலையில், சுவரைப் பார்த்து முழங்காலைக் கட்டி இருந்தான். வாசலுக்கு வெளியே சப்பாத்துச் சோடி அடக்கமாக இருந்தது. திறந்த கம்பிக்கதவுக்கு அங்கால், கட்டடத்து மூலைக்குப் பின்னால், யோகராணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். "நடுங்கு. நல்லா நடுங்கு. அவள் எண்டு நம்புவான்," என்று போகும்போது சொல்லியிருந்தாள். நடுங்குவதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உள்ளே ஈரக்கல் மணம். சால்வைக்குள் வைக்கோல் குத்தியது. வெளியே சரளைக் கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தம். இரும்பைக் கல்மதிலோடு உரசிக்கொண்டு வருகிற சத்தம். பட்டறையில் தொங்கிய சுத்தியல்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன.

உரசல் நின்றது.

ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்பு. சப்பாத்தைக் கண்டவனின் சிரிப்பு.

"நிசா," என்றது குரல். நேற்று அலுவலகத்தில் அழுத அதே மெல்லிய குரல். "எங்க போனாலும் நீ மாறமாட்டாயம்மா. வாசலில கழட்டிப்போட்டு... நல்ல பிள்ளை."

பாக்கியராசா சுவரோடு முகத்தை அழுத்தினான். பிள்ளையாரே, முருகா, வேளாங்கண்ணி மாதாவே என்று தெரிந்தவர் எல்லாரையும் கூப்பிட்டான். ஒருவரை விட்டாலும் கோபிப்பார்கள் என்று பட்டது.

"வீட்டுக்கு வா. நான் கோபிக்கமாட்டன். உனக்குத் தெரியும்தானே, நீ வாய் காட்டினபடியாத்தான் அண்டைக்கு அது நடந்தது." காலடி கிட்ட வந்தது. "அண்டைக்குக் கைதான் முறிச்சனான். கை முறிஞ்சும் நீ நடந்து போயிட்டாய். என்ர பிழை. காலைத்தான் பார்த்திருக்கவேணும்."

சின்னனில விழுந்தவள் என்று நேற்று இதே வாய்தான் சொன்னது. பாக்கியராசாவின் பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்று எழும்பி நின்றது. அதற்கு என்ன பெயர் என்று யோசிக்க நேரமில்லை. ஒரு கை அவனுடைய தோளில் விழுந்தது. தடவியது. பிறகு இறுக்கியது.

அவன் திரும்பினான்.

துணித்தொப்பிக்குக் கீழே அடர்த்தியான மீசை. மீசைக்கு மேலே இரண்டு கலங்கிய கண்கள். "தனிய வந்தனீங்களோ அண்ணை?" என்று வாயில் வந்ததைக் கேட்டான்.

அந்த மனிதன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். அந்த ஒரு எட்டுத்தான் பாக்கியராசாவுக்கு வேண்டியிருந்தது. சுத்தியல் தூக்கிய கைக்குக் கீழால் தலையைக் கொடுத்து, பீற்சா நாய்களிடம் படித்த ஓட்டத்தை எல்லாம் சேர்த்து வாசலுக்குப் பாய்ந்தான். சால்வை வந்தவனின் கையில் மாட்டிக்கொண்டு கிழிந்தது. சுத்தியல் கல்லில் பட்டுத் தெறித்தது. பின்னால் கம்பிக்கதவு அடித்துச் சாத்தியது, தாழ்ப்பாள் விழுந்தது.

யோகராணி தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"விடுங்கோ அக்கா. அது இரும்பு."

"ஓம்," என்றாள். விடவில்லை.

பொலிஸ் கார் வந்து சேர்ந்தபோது கம்பிக்கு அந்தப்பக்கம் நின்ற மனிதன் தலையை வாரி, ஜக்கெற்றைச் சரிசெய்து முடித்திருந்தான். வந்தவள் ஒரு பொலிஸ்காரி, உயரமான ஆள், முகத்தில் சிரிப்பில்லை. அவன் அழகான ஆங்கிலத்தில் சொன்னான். தன் பெயர் மகேஸ்வரன். தான் பிள்ளையின் மாமன். குடும்பத்தில் ஒரு சின்ன மனத்தாங்கல். விலாசம் எழுதிய அட்டை, லைசன்ஸ் எல்லாம் வீட்டில். கார் சிநேகிதனுடையது. ஊர் பார்க்க வந்த தன்னை இந்த இரண்டு பைத்தியங்களும் பூட்டிவிட்டார்கள். சுத்தியலா? அது இங்கே கிடந்தது. காட்சிப் பொருளாயிருக்கும்.

"பூட்டியது யார்?" என்று கேட்டாள் பொலிஸ்காரி.

"காற்று, மடம்," என்றான் பாக்கியராசா. தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

பொலிஸ்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மிஸிஸ் வில்மொற் நெசவுகாரன் வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி, வெறுங்காலோடு, மெலிந்த உயரமான பெண் ஒருத்தி. நிசாந்தினி. கம்பியிலிருந்து தள்ளி, மிகத் தள்ளி நின்றாள். நிலத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கு இந்த ஆளைத் தெரியுமா?"

தலையாட்டினாள்.

"இவர் உங்கள் மாமனா?"

"இல்லை. அவர்..." என்றாள் ஆங்கிலத்தில். "ஹஸ்பண்ட்."

"உத்தரவு தடுக்கப்பட்டவரின் பெயரில்தான் பதிவாகியிருக்கும், அதைச் சொல்லித்தான் நான் ரேடியோவில் கேட்கவேண்டும். இவர் பெயர் மகேஸ்வரன்தானா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்படியானால் சரியான பெயர் என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பாக்கியராசா யோகராணியைப் பார்த்தான். யோகராணியின் முகம் வெளிறியிருந்தது. அது ஏனென்று அவனுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய அம்மாவும் செத்த நாள்வரைக்கும் அப்பாவை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிட்டவள். தபால்காரன் கேட்டால்கூடப் பிள்ளையைக் காட்டி, இவனைச் சொல்லச் சொல்லுங்கோ என்பாள். புருசன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையுமாம். இந்தப் பிள்ளையும் கோர்ட்டில் கலியாணப் பத்திரத்தை நீட்டித்தான் பெயரைக் காட்டினாள், வாயால் சொல்லவே இல்லை என்று மிஸிஸ் வில்மொற் மெல்லச் சொன்னாள். பத்திரம் இப்போது சட்டத்தரணியிடம் இருக்கிறது, மிஸிஸ் வில்மொற்றுக்கும் பெயர் தெரியாது.

கம்பிக்குப் பின்னால் நின்றவனுக்கு இது எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. முகத்தைக் கம்பிக்கு நடுவில் வைத்து, தமிழில், கொஞ்சலாகச் சொன்னான். "நிசா, பயப்பிடாதை. நீ சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். உன்ர அம்மா உன்னை அப்பிடி வளர்க்கேல்லை."

"வாயைப் பொத்தடா!" என்றாள் யோகராணி.

"இது எங்கட வீட்டு விசயம், அன்ரி. உங்களுக்கென்ன?"

பொலிஸ்காரிக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. பெயரில்லாமல் ஒருவரைப் பிடித்து வைத்திருக்க முடியாது, பூட்டியவர்களைத்தான் முதலில் விசாரிக்கவேண்டி வரும் என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளில் கையை வைத்தாள். இரும்பு அசைந்தது. பாக்கியராசா சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து நிசாந்தினியிடம் நீட்டினான்.

"தங்கச்சி, எழுதியெண்டாலும் குடுங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

நிசாந்தினி பேனையைப் பார்த்தாள். அவனுடைய தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். கிழிந்த சால்வையைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து கம்பிப்பக்கம் பார்த்தாள். பேனையை நடக்கிற வழியில் கிடக்கிற கொப்பை விலக்குவதுபோல விலக்கிவிட்டு, முன்னுக்கு வந்தாள். ஈரச்சரளை அவளுடைய வெறுங்காலில் குத்தியிருக்கும். கம்பியிலிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றாள்.

"அன்புராசா," என்றாள்.

உள்ளே நின்றவனின் கை கம்பியிலிருந்து கழன்றது. பூட்டியபோது வராத திகைப்பு அப்போதுதான் அவன் முகத்தில் வந்தது. பொலிஸ்காரி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்து ரேடியோவை எடுத்தாள். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்றாள்.

"அன்புராசா. ஸ்ரீஸ்கந்தராசா அன்புராசா."

ரேடியோ கரகரத்தது. பிறகு தெளிவாக ஏதோ சொன்னது. பொலிஸ்காரி இடுப்பிலிருந்து விலங்கைக் கழற்றினாள்.

மூன்றாவது தடவை சொல்லும்படி அவளை எவரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.